வீட்டு வாசலில் கேமரா: தில்லி கேட்பதும் கேட்காததும்

புது தில்லி: ஆந்திர மாநிலம், பாகாலாவில் ஒருவர் தமது வீட்டு வாசலுக்கு இணையத்துடன் இயங்கும் கண்காணிப்பு கேமரா வாங்கப் போனால், அந்தக் கேமரா மத்திய அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையில் தேறியதாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிப் எந்த நாட்டில் தயாரானது, மென்பொருளில் ரகசிய வழி ஏதும் உண்டா என்பது வரை தில்லி கேட்கிறது. அதே கேமரா சுவரில் ஏறிய பிறகு அது எதிர்வீட்டு வாசலையும் சேர்த்துப் பார்க்கிறதா, பதிவு எத்தனை நாள் இருக்கிறது, அதைத் திறக்கும் கடவுச்சொல் யார் கையில் இருக்கிறது என்று தில்லி கேட்பதில்லை. நாடாளுமன்றம் 2023-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டது.

கேமரா வாங்கும்போது வீட்டுக்காரர் எடுக்கும் முடிவுகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் கனம் வந்திருப்பது இதனால்தான். அந்த முடிவுகளைப் பெரும்பாலும் அவர் எடுப்பதுமில்லை. பொருத்த வருபவர் அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டுப் போகிறார்.

ரயில் சந்திப்பு ஊர்: சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில் உள்ளது பாகாலா. காட்பாடியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பாதையும், தர்மாவரத்திலிருந்து வரும் பாதையும் சந்திக்கும் ரயில் நிலையம் என்பதால் தமிழகத்தின் வட மாவட்டத்தாருக்குப் பழகிய பெயர். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்ட பிறகு திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாங்காய்ச் சந்தைக்குப் பேர்போன தாமலச்செருவு இதே மண்டலத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளும், விசேஷத்துக்கோ கோயிலுக்கோ போகையில் நாள் கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் இதுபோன்ற ஊர்களில் அதிகம்.

பூட்டிய வீட்டைக் கேமரா மூலம் காப்பது ஆந்திரத்துக்குப் புதிதல்ல. அம்மாநிலக் காவல் துறை 2017-ஆம் ஆண்டில் 'பூட்டிய வீடு கண்காணிப்பு முறை' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. எல்.எச்.எம்.எஸ். என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட இத்திட்டத்தில், வெளியூர் செல்பவர் செல்லிடப்பேசிச் செயலியில் பதிவு செய்து, எந்த நாள் முதல் எந்த நாள் வரை வீடு பூட்டியிருக்கும் என்று தெரிவிக்க வேண்டும். காவலர்கள் வந்து, அசைவை உணரும் சிறு கேமரா ஒன்றை வீட்டுக்குள் கட்டணமின்றிப் பொருத்துவர். உள்ளே யாரேனும் நடமாடினால் படமும் எச்சரிக்கையும் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அருகில் உள்ள ரோந்துப் போலீஸார் அனுப்பப்படுவர்.

யோசித்துப் பார்த்தால், இது பதிவு செய்வதைவிடத் தடுப்பதை நோக்கமாகக் கொண்ட ஏற்பாடு. கேமராவுக்குப் பின்னால் விழித்திருக்கும் ஓர் ஆளும், புறப்பட ஆயத்தமாக ஒரு வண்டியும் இருந்தன. சொந்தமாக வாங்கி மாட்டும் கேமராவுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அது நடந்து முடிந்ததைக் காட்டும் சாட்சி மட்டுமே. சாட்சி என்ற முறையிலாவது அது தேறுமா என்பதுதான் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி.

பக்கத்திலேயே தொழிற்சாலை: இந்தியாவில் விற்கும் கண்காணிப்பு கேமராக்களின் கதையில் பாகாலா வட்டாரத்துக்கு வேறொரு பங்கும் உண்டு. 'சிபி பிளஸ்' என்ற பெயரில் கேமரா விற்கும் ஆதித்யா இன்ஃபோடெக் நிறுவனமும், மின்னணுப் பொருள்களை ஒப்பந்த அடிப்படையில் தயாரிக்கும் டிக்ஸன் நிறுவனமும் 2017-ஆம் ஆண்டில் கூட்டு நிறுவனம் அமைத்துத் திருப்பதியில் கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் தயாரிக்கத் தொடங்கின. பின்னர் உற்பத்தி அண்டை மாவட்டமான கடப்பாவின் கொப்பர்த்திக்கு விரிவடைந்தது. 2024-இல் டிக்ஸன் தனது பங்கை ஆதித்யா இன்ஃபோடெக்கிடமே கொடுத்து, ஈடாக அந்நிறுவனத்தின் பங்குகளைப் பெற்றுக்கொண்டது. அதே ஆதித்யா இன்ஃபோடெக், சீனாவின் டாஹுவா நிறுவனத் தயாரிப்புகளையும் இந்தியாவில் விநியோகித்து வந்தது.

பெட்டியின் மேல் 'இந்தியத் தயாரிப்பு' என்று இருப்பதும், உள்ளிருக்கும் சிப்பும் மென்பொருளும் இந்தியாவினுடையதாக இருப்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதை இத்துறையில் உள்ளவர்கள் எப்போதும் அறிவார்கள். தில்லிக்கு அது உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

நாடாளுமன்றத்தில் ஒரு பதில்: மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை இணையமைச்சராக அப்போது இருந்த சஞ்சய் தோத்ரே, 2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் அளித்த பதிலில், அரசு அலுவலகங்களில் சீன நிறுவனங்களின் கேமராக்கள் சுமார் 10 லட்சம் இருப்பதாகவும், காட்சிகள் வெளிநாட்டு சர்வர்களுக்குப் போகும் வகையில் பலவீனங்கள் இருப்பதாகவும் தெரிவித்தார். கல்வான் மோதல் நடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அந்தப் பதில் எழுப்பியிருக்க வேண்டிய அளவுக்கு அவையில் சலசலப்பை எழுப்பவில்லை.

அமெரிக்கா தனது 2019-ஆம் ஆண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்திலேயே ஹிக்விஷன், டாஹுவா ஆகிய சீன நிறுவனங்களின் கருவிகளை மத்திய அரசுத் துறைகள் வாங்கத் தடை விதித்திருந்தது. 2022 நவம்பரில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அவற்றின் புதிய கருவிகளுக்கு அனுமதி வழங்குவதைத் தடை செய்தது. அதே மாதத்தில் பிரிட்டன் அரசும் முக்கிய அலுவலகங்களில் அத்தகைய கேமராக்களைப் புதிதாகப் பொருத்த வேண்டாம் என்று தனது துறைகளுக்கு அறிவுறுத்தியது.

இந்தியா நாட்டின் பெயரைச் சொல்லித் தடுக்கவில்லை. சோதனை என்ற வழியைத் தேர்ந்தெடுத்தது. கட்டாயப் பதிவு உத்தரவில் 2024 ஏப்ரல் 9-ஆம் தேதி திருத்தம் செய்து, கண்காணிப்பு கேமராக்களுக்கான பாதுகாப்பு நிபந்தனைகளை அமைச்சகம் வெளியிட்டது. ஆறு மாதத்தில் அமலுக்கு வர வேண்டியது, தயாரிப்பாளர்கள் அவகாசம் கேட்டதால் 2025 ஏப்ரல் 9-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. கேமராவை எளிதில் பிரித்து உள்ளே கை வைக்க முடியாதபடி உறை இருக்க வேண்டும். உள்ளே நுழைய முறையான அடையாளச் சரிபார்ப்பு வேண்டும். தகவல் மறையாக்கம் செய்யப்பட்டே போக வேண்டும். மூல நிரலை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். முக்கியமான சிப்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். இவையே அதன் சாரம். எஸ்.டி.க்யூ.சி. எனப்படும் அமைச்சகத்தின் தரச் சான்று இயக்ககமும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களும் சோதனையை நடத்துகின்றன. மூல நிரலைக் காட்டுவதற்கு வெளிநாட்டு நிறுவனங்கள் ஆட்சேபம் தெரிவித்தன. ஆய்வகங்கள் போதவில்லை என்ற புகாரும் வந்தது. அரசு பின்வாங்கவில்லை.

வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் எளிமையானது. கேமராவின் பெட்டியிலும் கருவியிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த மாதிரிக்குப் புதிய பாதுகாப்பு நிபந்தனைகளின்படி சான்று உள்ளதா என்று கடைக்காரரைக் கேட்கலாம். பெயரில்லாத பெட்டியில், பாதி விலைக்கு வரும் கேமராவை ஒதுக்கிவிடலாம். ஆனால், ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டவற்றைக் கழற்றச் சொல்லும் உத்தரவு அல்ல இது. சோதனைக்கு முந்தைய கேமராக்கள் அவை இருக்கும் இடத்திலேயே இருக்கின்றன.

பதிவு இல்லாத கண்: கேமரா வாங்குபவர்கள் லென்ஸையும் படத்தின் தெளிவையும் பார்த்தே விலை பேசுகின்றனர். பதிவுக் கருவி என்பது கூடவே வரும் ஒரு கறுப்புப் பெட்டி என்ற அளவில்தான் மதிக்கப்படுகிறது. அந்தப் பெட்டியின் அமைப்பு என்ன செய்யும் என்பதைத் தமிழகம் 2020-இல் பார்த்தது. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், நிலையத்துக்கு விசாரணைக்குச் சென்ற நீதித் துறை நடுவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அறிக்கை அளித்தார். ஹார்டு டிஸ்கில் 1 டெராபைட் அளவுக்கு இடம் இருந்தபோதிலும், பதிவுகள் நாள்தோறும் தானாகவே அழிந்துபோகும்படி அமைப்பு மாற்றப்பட்டிருந்ததாகவும், ஜூன் 19 முதலான காட்சிகள் கிடைக்கவில்லை என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. கேமரா இருந்தது, இடம் இருந்தது, பதிவு இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியுடன் கூடிய, இரவிலும் தெரியும் கேமராக்களைப் பொருத்த உத்தரவிட்டது. பதிவை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அத்தகைய கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. கேமராக்கள் பல நிலையங்களில் இயங்கவில்லை என்பதை 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுக்க நேர்ந்தது. அரசின் நிலையே இது என்றால், யாரும் ஆய்வு செய்யாத வீட்டுக் கருவியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு எத்தனை நாள் பதிவு தேவை? ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 2013-ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டம், 100 பேர் கூடும் கடைகள், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள் போன்றவற்றுக்குக் கேமராவைக் கட்டாயமாக்கி, காட்சிகளை 30 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. வீடுகளுக்கு அது பொருந்தாது. ஆனாலும் 30 நாள் என்பது நல்ல அளவுகோல். பத்து நாள் வெளியூர் போய்த் திரும்புபவர், திருட்டு நடந்ததை அறிந்து புகார் கொடுத்து, போலீஸார் வந்து கேட்கும்போது பதிவு இருக்க வேண்டும். பூட்டிய வீட்டை நோட்டம் பார்க்க வந்தவர்கள் அதற்கு ஒரு வாரம் முன்னரே அதே வாசலில் நின்றிருக்கக்கூடும்.

கணக்கு கடினமானதல்ல. 2 மெகாபிக்ஸல் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிவு செய்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். நான்கு கேமராக்களுக்கு நாளொன்றுக்கு 86 ஜிகாபைட்டுக்கு மேல். கடையில் நான்கு கேமராக்களுடன் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் கொடுத்தால், 12-ஆவது நாளில் முதல் நாள் பதிவின் மேல் புதிய பதிவு ஏறத் தொடங்கிவிடும். 30 நாளுக்கு 2.6 டெராபைட் தேவை. அதாவது 4 டெராபைட் டிஸ்க் வாங்க வேண்டும். அல்லது அசைவு இருக்கும்போது மட்டும் பதிவாகும்படி அமைக்கலாம். அப்படி அமைத்தால் தெருவில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும், காற்றில் ஆடும் ஒவ்வொரு கிளைக்கும் அது விழித்துக்கொள்ளாதபடி, கதவு, படி, சுற்றுச்சுவர் என இடங்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பொருத்த வருபவர்கள் பெரும்பாலும் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. சாதாரணக் கணினிக்கான டிஸ்கையே மாட்டிவிடுவதும் உண்டு. இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கென்று தனியாகத் தயாரிக்கப்படும் டிஸ்க் வேண்டும் என்று கேட்டு வாங்குவது வீட்டுக்காரர் பொறுப்பு.

டி.வி.ஆர். வேண்டுமா, என்.வி.ஆர். வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. முதலாவது பழைய கேபிள் வழியே வரும் படத்தைப் பெட்டியில் பதிவு செய்கிறது. விலை குறைவு, ஒவ்வொரு கேமராவுக்கும் தனியாக மின் இணைப்பு வேண்டும். இரண்டாவது, கணினி வலையமைப்புக் கம்பி வழியே இயங்குகிறது. படமும் மின்சாரமும் ஒரே கம்பியில் போக முடியும். புதிதாக வீடு கட்டுபவர்கள் இரண்டாவதற்குக் குழாய் பதித்து வைப்பது நல்லது. வைஃபை கேமரா வாங்குவது எளிது, மாட்டுவது எளிது. தடித்த கற்சுவர் கொண்ட பழைய வீடுகளில் அதன் சமிக்ஞை இரண்டாவது கட்டைத் தாண்டுவதில்லை. அதன் பதிவு கேமராவுக்குள்ளேயே உள்ள நினைவக அட்டையில் இருந்தால், கேமராவைப் பிடுங்கிச் செல்பவர் சாட்சியத்தையும் எடுத்துச் செல்கிறார். தாமலச்செருவுப் பக்கத்து மாந்தோப்புகளுக்கு, சிம் கார்டும் சூரிய மின்தகடும் கொண்ட கேமராக்களே ஏற்றவை. வீட்டுக்கு அவை வேண்டியதில்லை.

டி.வி.ஆர். பெட்டியையே தூக்கிச் செல்லும் திருடர்களைப் பற்றிய செய்திகள் நாளேடுகளில் வழக்கமாகிவிட்டன. கூடத்தில், தொலைக்காட்சிக்குக் கீழே, சிவப்பு விளக்கு மினுங்க அதை வைப்பது பீரோ சாவியைப் பீரோவின் மேலேயே வைப்பதற்குச் சமம். பரணிலோ, காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியிலோ அது இருக்க வேண்டும். மின்சாரம் போனால் கேமரா, பதிவுப் பெட்டி, இணைய இணைப்புக் கருவி மூன்றும் ஒரே இன்வெர்ட்டரில் ஓடும்படி செய்ய வேண்டும். இரண்டுக்கு மட்டும் இணைப்பு கொடுத்து மூன்றாவதை மறப்பது சகஜம். வாசல் கேமராவின் பதிவையாவது இணையச் சேமிப்பில் ஒரு நகலாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மாதக் கட்டணம் உண்டு. காட்சி எந்த நாட்டு சர்வரில் தங்குகிறது என்ற பழைய கேள்வியும் கூடவே வரும்.

பெட்டியின் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. மின்தடைக்குப் பிறகு நேரம் தவறிப்போய், மாதக் கணக்கில் தவறான தேதியோடு பதிவாகிக்கொண்டிருக்கும் கருவிகள் ஏராளம். நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

கேமராவை எங்கே மாட்டுவது என்பதில் ஒரே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பிடுங்கிவிடக் கூடாது என்று மொட்டை மாடி விளிம்பில் ஏற்றிவிடுகின்றனர். பதிவில் தலையும் தொப்பியும் தெரியும், முகம் தெரியாது. எட்டு முதல் பத்தடி உயரம், கதவை நோக்கி வருபவரின் முகம் விழும் கோணம் என்பதே நடைமுறைக்கு ஏற்றது. பொருத்திய அன்றிரவே விளக்குகளை அணைத்துவிட்டு, வீட்டுக்காரரே வாசலில் நடந்து, பதிவை ஓட்டிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை வேறில்லை. தாழ்வாரத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியும், லென்ஸின் முன் சிலந்தி கட்டும் வலையும் பகலில் தெரியாது.

கடவுச்சொல்: குஜராத் மாநிலம், ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் தெரியவந்தது. நாட்டின் பல பகுதிகளில் உள்ள கேமரா அமைப்புகளுக்குள் அந்தக் கும்பல் நுழைந்திருந்ததாக விசாரணையில் தெரிந்தது. மருத்துவமனையின் கருவிக்கு இருந்த கடவுச்சொல், 'அட்மின்123'. தயாரிப்பாளர் போட்டுக் கொடுத்ததை யாரும் மாற்றவில்லை. 2016 அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கிய 'மிராய்' தாக்குதலுக்கும் படையாக நின்றவை இத்தகைய கேமராக்களும் பதிவுப் பெட்டிகளுமே. தங்கள் வீட்டுக் கருவி அதில் கலந்துகொண்டது உரிமையாளர்களுக்குத் தெரியாது.

பாகாலாவானாலும் பம்மலானாலும் நடப்பது ஒன்றே. பொருத்துபவர் தமது செல்லிடப்பேசியில் செயலியைத் திறந்து, தமது மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கி, வீட்டுக்காரரின் செல்பேசிக்கு அதில் பகிர்வு கொடுத்துவிட்டுப் போகிறார். பழுது வந்தால் வீட்டிலிருந்தே பார்த்துச் சரிசெய்யலாம் என்பது அவர் சொல்லும் காரணம். பெரும்பாலும் அது உண்மையான காரணமும்கூட. ஆனால் கணக்கின் உரிமையாளர் அவர்தான். கணக்கு வீட்டுக்காரரின் பெயரில் தொடங்கப்பட வேண்டும். கடவுச்சொல்லை அவர் கண்முன் தட்டச்சு செய்யாமல், அவர் போன பிறகு மாற்ற வேண்டும். செயலியில் யார் யாருக்குப் பகிர்வு இருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் சோதனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இந்த ஓட்டையை அது அடைக்க முடியாது.

எதிர்வீட்டு வாசல்: இனி, சட்டம் மௌனமாகும் இடம். தனிநபர் தரவுப் பாதுகாப்பு குறித்து 2019-இல் மக்களவையில் அறிமுகமான மசோதாவின் 36-ஆவது பிரிவு, சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் தகவலைக் கையாள்வதற்கு விலக்கு அளித்தது. கூடவே ஒரு வரம்பும் இருந்தது. அந்தத் தகவலைப் பொதுவெளியில் வெளியிட்டாலோ, தொழில், வணிகத்தோடு தொடர்புபடுத்தினாலோ விலக்கு கிடையாது. கூட்டுக் குழுவுக்குப் போய், 2021 டிசம்பரில் அறிக்கையும் பெற்ற அந்த மசோதா 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது, வரம்பு இல்லை. 'எந்தவொரு சொந்த அல்லது வீட்டு நோக்கத்துக்காகவும்' என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது.

மணிப்பூர் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக்கொண்டிருக்க, 2023 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியது. 9-ஆம் தேதி மாநிலங்களவையும் நிறைவேற்றியது. அரசு அமைப்புகளுக்கான விலக்கும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும் வெளியே விவாதிக்கப்பட்ட அளவுக்கு இந்தச் சில சொற்களின் நீக்கம் விவாதிக்கப்படவில்லை. வாசல் கேமராவில் பதிவான பக்கத்து வீட்டுப் பெண்ணின் காட்சியைத் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் போடுபவர் 2019 மசோதாவின்படி விலக்கை இழந்திருப்பார். இன்றைய சட்டத்தின்படி அவர் வெளியே நிற்கிறாரா, உள்ளே நிற்கிறாரா என்பதை ஏதேனும் ஒரு நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் அதைச் சொல்லியாகிவிட்டது. செக் நாட்டில் ஒருவரது வீட்டின் ஜன்னல்கள் திரும்பத் திரும்ப உடைக்கப்பட்டதால், அவர் கூரைக்குக் கீழே கேமரா வைத்தார். அது அவரது வாசலையும், பொது நடைபாதையையும், எதிர்வீட்டு வாசலையும் பதிவு செய்தது. அந்தப் பதிவால் சந்தேக நபர்கள் இருவர் அடையாளம் காணப்பட்டனர். அவர்களில் ஒருவர், தம்மைப் பதிவு செய்தது சரியா என்று கேள்வி எழுப்பினார். பொது இடத்தையும் பார்க்கும் கேமராவை முற்றிலும் வீட்டு உபயோகம் என்று கொள்ள முடியாது என 2014 டிசம்பர் 11-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டையும் உயிரையும் காக்கும் நியாயமான தேவையைக் கணக்கில் கொள்ளலாம் என்றும் சேர்த்தே சொன்னது.

இந்தியாவில் நீதிமன்றங்கள் இதுவரை வீட்டுக்கு உள்ளே எட்டிப் பார்த்திருக்கின்றன. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசிக்கும் சகோதரர்களிடையேயான வழக்கில், உடன் வசிப்பவரின் ஒப்புதல் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமராவை இயக்கக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி அளித்த தீர்ப்பே அதற்கு ஆதாரம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. கூட்டுக் குடும்பமாகவும், பாகம் பிரித்த பின்னும் ஒரே முற்றத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகள் நிறைந்த நம் பக்கத்துக்கு இது மிக நெருங்கிய தீர்ப்பு. குளியலறைப் பக்கமோ, உடை மாற்றும் இடத்தையோ கேமரா பார்த்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படியும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படியும் குற்றமாகக்கூடும். அதற்கு எந்த விலக்கும் கிடையாது.

ஏறத்தாழ எல்லாப் பதிவுக் கருவிகளிலும் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கும் வசதி இருக்கிறது. எதிர்வீட்டு ஜன்னலை அதில் மறைக்க இரண்டு நிமிடம் போதும். மைக் இருந்தால் அதை அணைத்து வைக்கலாம். திண்ணையில் பேசுவது தெருமுனை வரை பதிவாக வேண்டிய அவசியமில்லை.

சாட்சியம்: திருட்டு நடந்து, போலீஸார் வந்து பதிவைக் கேட்டால் கொடுக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவு மின்னணுக் கருவிகளையும் தாக்கல் செய்யச் சொல்லும் அதிகாரத்தை அளிக்கிறது. நகல் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலை 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவை ஒட்டித் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு அந்தச் சான்றிதழை இரண்டு பகுதிகளாக்கியது. ஒரு பகுதியைக் கருவியைக் கையாள்பவர், அதாவது வீட்டுக்காரர், நிரப்ப வேண்டும். மற்றதை நிபுணர் நிரப்ப வேண்டும். பதிவு பின்னர் மாற்றப்படவில்லை என்று காட்டும் 'ஹாஷ்' மதிப்பும் அதில் குறிக்கப்பட வேண்டும். கருவி எந்த மாதிரி, அதன் வரிசை எண் என்ன என்ற விவரங்களும் கேட்கப்படுவதால், வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. பெட்டியையே எடுத்துச் சென்றால் அதற்கு எழுத்துமூலம் ஒப்புகை பெற வேண்டும். சம்பவம் தெரிந்த உடனே அந்த நாள் பதிவைத் தனியாகப் பிரதி எடுக்காவிட்டால், போலீஸார் வருவதற்குள் டிஸ்க் நிறைந்து பழையது அழிந்துபோகும் அபாயமும் உண்டு.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டன. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருப்பதால், 2027 மே மாதத்தில் கடைகளும் அடுக்குமாடிச் சங்கங்களும் தங்கள் கேமராக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பாகாலா கடைவீதியில் முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக உள்ள கட்டடத்தில் நான்கு கேமராக்கள், ஒரே பதிவுப் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையைப் பார்க்கும் கேமராவுக்குச் சட்டம் பொருந்தும். கொல்லைப்புறத்தைப் பார்க்கும் கேமராவுக்குப் பொருந்தாது. இரண்டும் நடுவில் உள்ள நடையில் சந்திக்கின்றன. அந்த இடத்தில் பதிவாகும் முகம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதைச் சட்டமும் சொல்லவில்லை, விதிகளும் சொல்லவில்லை.